குழந்தைக்கு ஒரு கைத்தறிக் கவுன்

கொங்கு நாட்டில் துணிக்குப் பஞ்சம் இல்லை. ஒரு தோட்டத்தில் பருத்தி வெடிக்கிறது. அடுத்த ஊரில் அது நூலாகிறது. அதற்கடுத்த தெருவில் தறி ஓடுகிறது. ஆயினும் இரண்டு வயதுக் குழந்தைக்கு மாரியம்மன் நோம்பிக்கு ஓர் ஆடை வேண்டுமென்றால், தோட்டத்து வீட்டாரும் தறிக்கார வீட்டாரும் ஒருங்கே கடைவீதிக்குத்தான் புறப்படுகிறார்கள். வாங்கி வருவது பெரும்பாலும் பளபளக்கும் பாலியெஸ்டர்க் கவுனாக இருக்கும். வெளியே பூவேலை, உள்ளே உறுத்தும் வலைத்துணி. குழந்தை அதைச் சற்று நேரம் அணிந்திருக்கும். பிறகு கழற்றச் சொல்லி அழும். தாய் அதை மடித்துப் பெட்டியில் வைப்பாள். அடுத்த நோம்பிக்குள் அது சிறுத்துவிடும்.

ஒரு கஜத்துக்குச் சற்று மேற்பட்ட கைத்தறித் துணி, ஓர் ஊசி, ஒரு நூல்கண்டு, நன்கு தீட்டிய கத்தரிக்கோல் ஆகியவற்றைக் கொண்டு, தையல் இயந்திரம் இல்லாத வீட்டிலும் தைக்கக்கூடிய எளிய கவுன் ஒன்றை விளக்குவதே இங்கு நம் நோக்கம். அளவுகள் யாவும் இரண்டு வயதுக் குழந்தைக்கு உரியவை.

ஆயத்த ஆடை மலிவாகக் கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று உறுப்பினர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஒரே வெட்டில் நூற்றுக்கணக்கான துண்டுகளை வெட்டித் தைக்கும் தொழிற்சாலையோடு விலையில் போட்டியிட வீட்டு ஊசியால் இயலாது. இயலும் என்று சொல்லி உறுப்பினர்களை ஏமாற்ற நாம் விரும்பவில்லை. ஆனால் தறிக்கார வீட்டில் விற்பனைக்கு ஆகாத துண்டுத் துணி இருக்கிறது. சங்க விற்பனை நிலையத்திலும் அளவு குறைந்த துண்டுகளும், ஓரிடத்தில் இழை அறுந்த துணிகளும் தேங்கிக் கிடப்பதைக் காண்கிறோம். இரண்டு கஜம் இல்லாத துணி பெரியவருக்குப் பயன்படாது. குழந்தைக்கோ அதுவே மிகுதி. இதனுடன், வளரும் குழந்தைக்கு ஏற்ப நீட்டிக்கொள்ளத்தக்க ஆடையைக் கடையில் யாரும் தைத்து விற்பதில்லை என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஓர் ஆண்டு அணியும் கவுன் இரண்டு ஆண்டுகள் அணியத்தக்கதாக அமைந்தால், கணக்கு வேறு விதமாக முடியும்.

வெயிற்காலத்தைப் பற்றியும் ஒரு சொல். பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8½ சதவிகித ஈரத்தைக் காற்றிலிருந்தே வாங்கி வைத்துக்கொள்ளும் இயல்புடையது. பாலியெஸ்டர் அரைச் சதவிகிதத்தைக்கூட வாங்குவதில்லை. ஆதலின் வியர்வை துணிக்குள் போகாமல் தோலின்மேலேயே நிற்கிறது. கழுத்திலும் முதுகிலும் வியர்க்குரு பொரிகிறது. பங்குனி, சித்திரை மாதங்களில் குழந்தை காரணமின்றி அழுவதாக நாம் நினைக்கும் சில வேளைகளில் காரணம் அதன் முதுகில் இருக்கிறது. நெருப்பைக் குறித்தும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பருத்தி தீப்பிடிக்காது என்று எண்ணுவது தவறு; அது எளிதில் பற்றும். பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டும் ஆபத்தே. அடுப்படியில் திரியும் குழந்தைக்கு எந்தத் துணியானாலும் குடைபோல் விரியும் கவுன் ஆகாது. நாம் இங்கே சொல்லப்போகும் கவுனில் சுருக்கு குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

துணியைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். சென்னிமலைப் போர்வைத் துணி எவ்வளவு உயர்ந்ததாயினும் குழந்தைக்குக் கனம். கோரா காட்டனில் பட்டு கலந்திருப்பதால் அன்றாடத் துவைப்புக்கு அது ஏற்றதன்று. 40-ஆம் நம்பர் அல்லது 60-ஆம் நம்பர் நூலில் நெய்த மெல்லிய, நெருக்கமான துணியே சிறந்தது. நெசவாளர்களுக்கு இந்த எண்கள் பழக்கமானவை. விவசாய உறுப்பினர்களுக்காகச் சொல்கிறோம்: 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் 40 சேர்ந்து 1 பவுண்டு எடை இருந்தால் அது 40-ஆம் நம்பர் நூல், 60 சேர்ந்து அதே எடை இருந்தால் 60-ஆம் நம்பர். எண் ஏற ஏற நூல் மெலிகிறது.

மெல்லிய நூல் எல்லாப் பருத்தியிலும் வராது. பஞ்சின் இழை குட்டையாக இருந்தால் நூலில் முனைகள் மிகுதியாகித் துருத்திக்கொண்டு நிற்கும். அத்துணி பிஞ்சுத் தோலில் சொரசொரக்கும். மானாவாரியில் வறட்சியைத் தாங்கி நின்ற நம் கருங்கண்ணிப் பருத்தி குட்டை இழையினது. அது தடித்த நூலுக்கே உதவியது. நீண்ட இழைக்காகக் கோவையில் உருவாக்கி 1968-இல் வெளியிட்ட எம்.சி.யு. 5 என்னும் இரகத்தின் பெயரில் உள்ள மூன்று எழுத்துக்களும் சென்னை, கம்போடியா, உகாண்டா ஆகிய மூன்று பெயர்களைக் குறிப்பவை. மூன்று நாட்டுப் பருத்திகளின் வழிவந்த பயிர் நம் வாய்க்கால் ஓரத்தில் வளர்ந்தது என்றால், ஒரு குழந்தையின் சட்டைக்குப் பின்னால் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்தது சாயம். குழந்தை சட்டையின் ஓரத்தை வாயில் வைத்துச் சப்பும். அதைத் தடுக்க எந்தத் தாயாலும் முடியாது. ஆதலின் சாயம் ஓடும் துணி குழந்தைக்கு உதவாது. 1958-இல் அமெரிக்காவில் புரூக்ஸ் பிரதர்ஸ் என்னும் பெரிய ஆடைக் கடை நம் சென்னைக் கட்டத்துணியை வாங்கி விற்றது. துவைத்தபோது அதன் சாயம் ஓடியது. வாங்கினோர் சண்டைக்கு வந்தனர். உடனே, 'சாயம் ஓடுவதே இத்துணியின் சிறப்பு' என்று விளம்பரம் செய்து அதையும் விற்றுத் தீர்த்தார்கள் என்பர். வியாபாரிகளின் சாமர்த்தியத்தை மெச்சலாம். குழந்தைக்கு அந்தச் சிறப்பு வேண்டாம். மேலும், அசோ வகைச் சாயங்களில் சில தோலுக்கும் உடலுக்கும் தீங்கானவை என்று கண்டு ஜெர்மனி 1994-இல் அவற்றைத் தடை செய்தது. நம் மத்திய அரசும் 1997-இல் அவ்வகைச் சாயங்கள் பலவற்றைத் தடை செய்துள்ளது. சங்கத்தின் வழியே சாயமிட்ட நூல் வாங்கும்போது எந்தச் சாயம் என்று கேட்க உறுப்பினர்களுக்கு உரிமை உண்டு. கேட்பது வழக்கமாகட்டும். வீட்டில் சோதிப்பதற்கு ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, அதனால் புதுத் துணியின் ஓரத்தை இருபது முறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அத்துணியை ஒதுக்கிவிடுங்கள்.

துணியை வாங்கியதும் கத்தரியை எடுக்கலாகாது. முதலில் துவைக்க வேண்டும். தறியில் பாவு எந்நேரமும் இழுத்துக் கட்டப்பட்டு நிற்கிறது என்பதை நெசவாளர் அறிவர். அந்த இழுவையோடுதான் துணி மடிப்புக்கு வருகிறது. கஞ்சி அதை அப்படியே பிடித்து வைக்கிறது. முதல் துவைப்பில் கஞ்சி கரைந்ததும், இழுபட்டிருந்த பாவு இழைகள் தளர்ந்து, ஊடையின்மேலும் கீழுமாக வளைந்து உட்காருகின்றன. வளைந்த இழை நேர் இழையைவிடக் குட்டையாகத்தானே இருக்கும்? அதுவே துணி சுருங்குவதன் இரகசியம். வெட்டித் தைத்த பிறகு சுருங்கினால் கவுன் வீண். எவ்வளவு சுருங்கும் என்று அறிய விரும்புவோர், துணியின் மூலையில் பாவு வழியே 10 அங்குலமும் ஊடை வழியே 10 அங்குலமும் அளந்து நான்கு மூலையிலும் நூலால் அடையாளமிட்டுக் கொள்ளலாம். துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் துவைத்து, நிழலில் காயவைத்து, மறுபடியும் அளக்க வேண்டும். தம் தறியில் வந்த துணி எவ்வளவு சுருங்குகிறது என்பதைத் தாமே அளந்து பார்த்த நெசவாளர், அடுத்த பாவில் அகலத்தையும் நீளத்தையும் அதற்கேற்பத் திட்டமிடவும் இது உதவும்.

36 அங்குல அகலத் துணியில் 1¼ கஜம் வாங்கினால் போதும். மீட்டர் கணக்கில் அது ஏறத்தாழ 1 மீட்டர் 15 சென்டிமீட்டர். சுருங்கியது போக 34 அல்லது 35 அங்குல அகலமும் 42 அங்குல நீளமும் நிற்கும் என்று கொள்வோம்.

இனி அளவு. இரண்டு வயதுக் குழந்தையின் உயரம் ஏறத்தாழ 34 அங்குலம், மார்புச் சுற்று 20 முதல் 21 அங்குலம், தலைச் சுற்று 19 அங்குலத்தை ஒட்டி இருக்கும். இவை பொதுவான அளவுகள். நம் குழந்தை மெலிந்தோ பருத்தோ இருக்கலாம். ஆதலின் அளந்து பார்ப்பதே முறை. ஓடும் குழந்தையை அளப்பது ஓடும் ஆட்டுக்குட்டியை அளப்பது போல்தான்; தூங்கும்போது அளந்துவிடுங்கள். பொருத்தமான பழைய சட்டை இருந்தால் அதை விரித்து அளப்பது இன்னும் சுலபம். சாண் கணக்கில் அளக்கும் பழக்கத்தை இதில் விட்டுவிட வேண்டும். மாமியார் சாணும் மருமகள் சாணும் ஒன்றாக இருப்பதில்லை.

தலைச் சுற்று 19, மார்புச் சுற்று 21 என்னும் இவ்விரண்டு எண்களைச் சற்றுக் கவனிக்க வேண்டும். பெரியவர்களுக்கு உடம்பு பெரிது, தலை சிறிது. குழந்தைக்கோ தலை பெரிது. இந்த வயதில் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு தலையே. அழகாகக் கழுத்தோடு பொருந்தும் வட்டம் 12 அங்குலச் சுற்றுத்தான் இருக்கும். அதன் வழியே 19 அங்குலத் தலை நுழையாது. தலை நுழையும்படி பெரிதாக வெட்டினாலோ கவுன் தோளிலிருந்து நழுவும். திருப்பூர் பனியன் மட்டும் எப்படித் தலையில் ஏறுகிறது என்று கேட்கலாம். அது பாவும் ஊடையும் இல்லாமல் கண்ணி கண்ணியாகப் பின்னப்பட்டது. கண்ணிகள் விரிந்து கொடுத்து மீண்டும் ஒடுங்கும். தறித் துணி அப்படி விரியாது. ஆகையால்தான் கைத்தறிக் கவுனுக்கு முதுகுப் பக்கம் ஒரு திறப்பு அவசியமாகிறது. வீட்டில் தைத்த சட்டைகள் பல கெடுவது இந்த ஒரு காரணத்தாலேயே: திறப்பை மறந்து வட்டத்தை வெட்டிவிடுகிறார்கள்.

நம் கவுன் இரண்டு பகுதிகளால் ஆனது. தோளிலிருந்து அக்குளுக்குச் சற்றுக் கீழ்வரை 6 அங்குல உயரமுள்ள மேற்பகுதி ஒன்று. தையற்காரர் இதை 'யோக்' என்பர். அதன் கீழ் 12 அங்குல நீளமுள்ள பாவாடைப் பகுதி. மொத்தம் 18 அங்குலம். முழங்காலை ஒட்டி நிற்கும். பாவாடைப் பகுதியை வெட்ட வேண்டியதே இல்லை. துணியின் முழு அகலத்தையும் அப்படியே பயன்படுத்துகிறோம். இரு கரைகளும் முதுகின் நடுவில் வந்து சேரும். கரையில் இழை பிரியாது; ஆதலின் அந்தத் தையலுக்கு ஓரம் மடிக்க வேண்டிய வேலையும் இல்லை. நேரான கரை நெய்பவரின் கைத்திறமை இங்கே தையற்காரிக்கு உழைப்பை மிச்சப்படுத்துகிறது.

துணியின் ஒரு முனையிலிருந்து 17½ அங்குல நீளம் பாவாடைக்கு. 12 அங்குலம் கவுனுக்கு, ½ அங்குலம் மேல் தையலுக்கு, 3 அங்குலம் கீழ் மடிப்புக்கு, 2 அங்குலம் வளர்ச்சிக்காக விடும் இரு மடிப்புகளுக்கு. அடுத்த 7 அங்குலம் மேற்பகுதிக்கு. அதற்கடுத்த 10 அங்குலம் ஓரப்பட்டிக்கு. மிஞ்சுவது 7, 8 அங்குலம். அதைத் தனியே எடுத்து வையுங்கள். இதன் பயன் பிறகு வரும்.

மேற்பகுதியைத் துணியில் நேராக வெட்டத் துணியாதவர்கள் முதலில் பழைய நாளிதழில் வெட்டிப் பார்க்கலாம். காகித அச்சு என்பது இதுவே. அமெரிக்காவில் எபெனேசர் பட்டரிக் என்னும் தையற்காரர் 1863-இல் பல அளவுகளில் காகித அச்சு வெட்டி விற்கத் தொடங்கினார். தம் கைக்குழந்தைக்குக் கட்டம் போட்ட துணியில் சட்டை வெட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி, 'அளவுக்கு ஏற்ற அச்சு இருந்தால் எவ்வளவு சுலபம்' என்று சொன்னதே அதற்குத் தூண்டுதல் என்று கூறுவர். உலகெங்கும் பரவிய ஒரு தொழில் குழந்தைச் சட்டையில் தொடங்கியதாகச் சொல்லப்படுவதில் நமக்கு வியப்பில்லை. குழந்தைதான் மாதத்துக்கு மாதம் அளவு மாறுகிறது.

காகிதத்தை இரண்டாக மடித்து, மடிப்பு ஓரத்தை மார்பின் நடுக்கோடாகக் கொள்ளுங்கள். மேல் ஓரத்தில் மடிப்பிலிருந்து 2 அங்குலம் கழுத்து அகலம். மடிப்பின் வழியே 2½ அங்குலம் கழுத்து இறக்கம். இரண்டையும் கால்வட்டமாக இணைக்க வேண்டும். கழுத்து முனையிலிருந்து மேலும் 2½ அங்குலம் தோள். தோளின் வெளிமுனை ½ அங்குலம் சரிந்து நிற்கட்டும். அங்கிருந்து கைக்குழி. மேல் ஓரத்திலிருந்து 5 அங்குலம் கீழே, மடிப்பிலிருந்து 6½ அங்குலத்தில் ஒரு புள்ளி வைத்து, தோள் முனையையும் அதையும் உட்புறமாக வளைந்த கோட்டால் சேருங்கள். அதன்கீழ் 1 அங்குலம் நேராக இறங்கினால் மேற்பகுதி முடிந்தது. தோள், பக்கம், கீழ் ஆகிய மூன்றிலும் தையலுக்கு ½ அங்குலம் கூடுதலாக விடுங்கள். கழுத்துக்கும் கைக்குழிக்கும் பட்டி வைப்பதால் கூடுதல் வேண்டாம். முதுகுக்கும் இதே அச்சுத்தான். கழுத்து இறக்கம் மட்டும் 1 அங்குலம். முதுகு இரண்டு துண்டாக வரும். ஒவ்வொன்றுக்கும் நடுக்கோட்டிலிருந்து 1½ அங்குலம் கூடுதல் வேண்டும். முன்பக்கம் 14 அங்குலம், முதுகுத் துண்டுகள் 8½ வீதம் 17 அங்குலம், ஆக 31. நம் துணியின் அகலத்துக்குள் அடங்கிவிடுகிறது. நெசவில் குறையுள்ள இடம் ஏதேனும் இருந்தால், கழுத்து வட்டமாக வெட்டி எறியும் பகுதியில் அது விழும்படி அச்சை நகர்த்தி வைப்பது கெட்டிக்காரத்தனம்.

ஓரப்பட்டியை மட்டும் நேராக வெட்டலாகாது. இதன் காரணத்தை நெசவாளர் உடனே உணர்வார்கள். ஒரு கைக்குட்டையைப் பாவு வழியே இழுத்துப் பாருங்கள், நீளாது. ஊடை வழியே இழுங்கள். ஏதோ சிறிது கொடுக்கும். மூலைக்கு மூலை இழுங்கள், நன்றாக நீண்டுவிடும். இழை எதுவும் நீளவில்லை. சதுரமாக நின்ற பாவும் ஊடையும் சாய்ந்து சாய்சதுரமாகிவிட்டன, அவ்வளவே. சாய்வாக வெட்டிய பட்டி இந்தக் குணத்தால்தான் கழுத்து வளைவிலும் கைக்குழியிலும் சுருக்கமின்றிப் படிந்து உட்காருகிறது. தையற்காரர் இதைக் 'கிராஸ் பட்டி' என்பர். நேர்ப்பட்டி வைத்துத் தைத்தால் கழுத்து விறைத்துக்கொண்டு குழந்தையின் தொண்டையில் இடிக்கும். துணியின் மூலையை மடித்துப் பாவின் ஓரம் ஊடையின் மேல் சரியாகப் படியும்படி வைத்தால், மடிப்புக் கோடே நாம் வேண்டும் சாய்வு. அதற்கு இணையாக 1¼ அங்குல அகலத்தில் மூன்று பட்டிகள் வெட்டுங்கள். 10 அங்குல உயரத் துணியில் ஒவ்வொரு பட்டியும் ஏறத்தாழ 14 அங்குல நீளம் வரும். கழுத்துக்கு 12, கைக்குழி ஒவ்வொன்றுக்கும் 11 அங்குலமே தேவை.

இதே குணம் மற்றோரிடத்தில் நமக்குப் பகையாகிறது. வட்டமாக வெட்டிய கழுத்தில் சில இடங்கள் தாமாகவே சாய்வாக அமைந்துவிடுகின்றன. கையாளும்போது அவை இழுபட்டுக் கழுத்து பெரிதாகிவிடும். ஆகவே வெட்டியவுடன், வேறு எதையும் தொடுவதற்கு முன், கழுத்தையும் கைக்குழிகளையும் ஒட்டிப் பொடியாக ஓர் ஓட்டுத்தையல் போட்டுவிடுங்கள்.

தையலுக்குப் பருத்தி நூலையே எடுத்துக்கொள்ள வேண்டும். கையால் தைப்போர் தோள், பக்கம் ஆகியவற்றுக்குப் பின் தையலும், மடிப்புகளுக்கு ஓட்டுத்தையலும் போடலாம். முதலில் தோள்களை இணையுங்கள், பிறகு பக்கங்கள். கைத்தறித் துணியில் வெட்டிய ஓரம் விரைவில் பிசிறு விடும். ஒருமுறை தைத்து விட்டுவிட்டால் பத்துத் துவைப்பில் தையலே பிரிந்து போகும். பிசிறும் தோலை உறுத்தும். இரட்டைத் தையல் ஒன்றே மருந்து. துணியின் நல்ல பக்கங்கள் வெளியே தெரியும்படி வைத்து ¼ அங்குலத்தில் ஒரு தையல். பிசிற்றை ஒட்ட வெட்டி, துணியைப் புரட்டி, உட்புறத்திலிருந்து மறுபடி ¼ அங்குலத்தில் ஒரு தையல். வெட்டிய ஓரம் முழுவதும் உள்ளே சிறைப்பட்டுவிடும். இது பொறுமையைக் கேட்கும் வேலை. ஆனால் கவுனின் ஆயுள் இங்கேதான் இருக்கிறது.

முதுகுத் திறப்பின் இரு ஓரங்களையும் ½ அங்குலம் மடித்து, மீண்டும் ½ அங்குலம் மடித்துத் தையுங்கள். நடுக்கோட்டைத் தாண்டி ½ அங்குலம் நிற்கும். மூடும்போது இரு பக்கமும் 1 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று படியும். அடுத்து கழுத்துக்கும் கைக்குழிகளுக்கும் பட்டி. பட்டியை நல்ல பக்கத்தில் வைத்துத் தைத்து, தைத்த ஓரத்தில் அரை அங்குலத்துக்கு ஒரு சிறு வெட்டு விட்டு, உட்புறம் புரட்டி மடித்து ஓரம் தைக்க வேண்டும். பட்டியைச் சற்றே இழுத்துப் பிடித்துத் தைத்தால் கழுத்து அமர்ந்து நிற்கும்; மிகவும் இழுத்தால் சுருங்கும். விரல் இதைத் தானே கற்றுக்கொள்ளும். தறியில் அறுந்த இழையைக் கட்டும் விரல்களுக்கு இது கடினமன்று. ஆண்கள் இதைச் செய்யலாகாது என்றும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

மெல்லிய துணியானால் மேற்பகுதிக்கு உள்துணி கொடுப்பது நலம். அதற்குப் புதுத் துணி வேண்டாம். பாட்டியின் பழைய நெகமம் சேலையோ, பல காலம் துவைத்து மென்மையான வேட்டியோ இருந்தால் அதைவிடச் சிறந்த உள்துணி கடையில் கிடைக்காது. உள்துணியை மேற்பகுதியோடு சேர்த்து ஓட்டுத்தையலால் பிடித்துக்கொண்டு, இரண்டையும் ஒன்றாகவே பாவித்துத் தைக்கலாம்.

பாவாடைப் பகுதியில் இரு கரைகளையும் சேர்த்து ½ அங்குலத்தில் தையுங்கள். மேலே 3 அங்குலம் மட்டும் தைக்காமல் விடவேண்டும். முதுகுத் திறப்பு அங்குவரை தொடரும். கீழே முதலில் ½ அங்குலமும் பிறகு 2½ அங்குலமும் மடித்து ஓரம் தையுங்கள். அதற்கு மேலே இரு மடிப்புகள். தையற்காரர் 'டக்' என்பது இதுவே. ஒவ்வொன்றும் ½ அங்குல ஆழம். அதில் 1 அங்குலத் துணி மறைகிறது. இவற்றை ஓட்டுத்தையலால் மட்டுமே பிடிக்க வேண்டும். பிரிக்கப்போகிற தையலுக்கு வலிமை எதற்கு? பிறகு மேல் ஓரத்தில் ¼ அங்குல இடைவெளியில் இரண்டு வரிசை நீண்ட ஓட்டுத்தையல் போட்டு, இரு நூல்களையும் ஒன்றாகப் பிடித்து மெல்ல இழுத்தால் சுருக்கு விழும். மேற்பகுதியின் கீழ்ச் சுற்றான 27 அங்குலத்துக்கு அது ஒடுங்க வேண்டும். சுருக்கு ஒரே இடத்தில் குவியாமல் இருக்க, மேற்பகுதியையும் பாவாடையையும் தனித்தனியே நான்காகப் பிரித்து அடையாளமிட்டு, அடையாளத்துக்கு அடையாளம் பொருத்தித் தைப்பது வழி.

முதுகை மூடுவது எதனால் என்பதில் நாம் சற்றுக் கண்டிப்பாக இருக்கிறோம். நம் பக்கத்தில் கழுத்தில் கயிறு கோத்து முடியும் பழக்கம் உண்டு, அழகாகவும் இருக்கும். ஆனால் தூரியில் படுத்திருக்கும் குழந்தையின் கழுத்துக் கயிறு எதிலாவது மாட்டிக்கொண்டால் என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் குழந்தைகளின் மேலாடைகளில் தலை, கழுத்துப் பகுதிகளில் இழுகயிறு கூடாது என்று 1996-இல் வழிகாட்டுதல் வெளியிட்டு, 2011-இல் அதையே விதியாக்கியது. கழுத்துக் கயிற்றில் சிக்கிக் குழந்தைகள் இறந்ததே அதற்குக் காரணம். ஐரோப்பிய நாடுகளிலும் இதற்குத் தனித் தரவரையறை உண்டு. வெளிநாட்டுக் குழந்தைக்குத் தைக்கும்போது திருப்பூரில் கடைப்பிடிக்கும் எச்சரிக்கையை நம் வீட்டுக் குழந்தைக்கும் கடைப்பிடிப்பதே முறை. ஊக்குக் குத்தி விடுவதும் வேண்டாம். தட்டையான பொத்தான்கள் மூன்றை, ஒவ்வொன்றையும் இரட்டை நூலில் ஆறேழு முறை ஊசி ஓட்டி, அடியில் நூலைச் சுற்றி முடிச்சிட்டுத் தையுங்கள். காஜா எடுக்கத் தெரியாதவர்கள் 'பிரஸ் பட்டன்' வைக்கலாம். எதுவானாலும் துவைக்கும்போதெல்லாம் இழுத்துப் பார்ப்பது அவசியம். தளர்ந்த பொத்தான் முதலில் போவது குழந்தையின் வாய்க்குத்தான்.

ஒரு கவுனைத் தைத்து முடித்தவர்களுக்கு, தையலை முறையாகக் கற்க ஆசை பிறக்கலாம். கோவையில் 1957-இல் மனையியல் கல்லூரியாகத் தொடங்கி இன்று பல்கலைக்கழகமாக விளங்கும் அவினாசிலிங்கம் நிறுவனத்தில் ஆடையியல் ஒரு படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. அவ்வளவு தூரம் போக இயலாதவர்கள் மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்களை விசாரிக்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு வழங்கும் இலவசச் சீருடைகளைத் தைத்துத் தருவோர் அச்சங்கங்களின் பெண்களே. அந்தச் சீருடைத் துணியை நெய்ததில் நெசவாளர் சங்கங்களுக்கும் பங்கு உண்டு.

நிற்க. குழந்தை இரண்டு வயதிலிருந்து மூன்று வயதுக்குள் ஏறத்தாழ 3½ அங்குலம் உயரும். மார்புச் சுற்று அவ்வளவு விரைவாகப் பெருக்காது. ஆகவே மேற்பகுதி பொருந்தி இருக்கும்போதே பாவாடை குட்டையாகிவிடும். அப்போது கீழ் மடிப்பைப் பிரியுங்கள். 1 அங்குலம் இறங்கும். ஆறு மாதம் சென்று மற்றொன்று. பிரித்த இடத்தில் பழைய தையற்கோடு மங்கலாகத் தெரியும். அதன்மேல் வண்ண நூலில் ஒரு வரிசை ஓட்டுத்தையல் போட்டுவிட்டால் வேண்டுமென்றே செய்த அலங்காரம்போல் ஆகிவிடும். இரண்டு மடிப்புகளும் தீர்ந்த பிறகும் மேற்பகுதி பொருந்துமானால், எடுத்து வைத்த 7, 8 அங்குலத் துண்டை இணைத்துக் கீழே ஒரு சுற்றுப்பட்டி வைக்கலாம். ஆனால் அந்தத் துண்டைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். கவுனைத் துவைக்கும் நாட்களில் எல்லாம் அதையும் சேர்த்தே துவைத்து, ஒரே கொடியில் நிழலில் உலர்த்தி வாருங்கள். தனியே வைத்த துண்டு புது நிறத்தோடு இருக்கும். வெளுத்த கவுனில் அது ஒட்டுப்போட்டதாகத் தெரியும். சேர்ந்து வெளுத்த துண்டு தெரியாது.